எவால்டுக்கு எழுதாதது

கெம்னிட்ஸ், 17 பிப்ரவரி 1918

அன்பு அண்ணா ஆர்னோ,

இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நீயும் என் வீட்டுக்காரரும் கை கால் முழுசாக, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். முதலில் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். என் சேதியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, அதனால் நேராகவே எழுதுகிறேன். டோர்லி செத்துப்போனாள்.

போன திங்கட்கிழமை காலையில். முதலில் தட்டம்மை வந்தது, பிறகு நெஞ்சில் சளி கட்டியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “அம்மை ஒண்ணும் பெரிசில்லம்மா. எதிர்த்து நிக்க உடம்புன்னு ஒண்ணு வேணுமில்ல?” என்றார். பால் ரேஷன் அட்டைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரை டம்ளர் கொடுக்கிறார்கள். நீலம் பாய்ந்த தண்ணீர் அது. மற்றபடி டர்னிப் கிழங்குதான். இரண்டரை வயதுக் குழந்தையைத் தூக்கினால் பின்னல் கூடையைத் தூக்கியது போல இருந்தது. சவப்பெட்டிக்குப் பலகை கிடைக்கவில்லை. கீழ்வீட்டு ஹெர்மீனா தன் அலமாரிக் கதவைக் கழற்றிக் கொடுத்தாள்.

அவருக்கு நான் இன்னும் எழுதவில்லை. பதுங்குகுழியில் தனியாக உட்கார்ந்து அவர் இதைக் காகிதத்தில் படிக்கக் கூடாது அண்ணா. நீ அவருடைய கம்பெனியிலேயே சார்ஜன்டாக இருக்கிறாய். பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை வைத்துச் சொல். லீவு வாங்கி அனுப்ப முடியுமானால் அனுப்பு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை,
செல்மா

*

களமுனை, 27 பிப்ரவரி 1918

அன்புத் தங்கை செல்மாவுக்கு,

மாப்பிள்ளையும் நானும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம். உன் கடிதத்தைக் குதிரை லாயத்துக்குப் பின்னால் போய் நின்று படித்தேன். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. டோர்லிதான் இருந்தாள்.

ஆனால் நான் சொல்வதைக் கேள். இப்போது அவனிடம் சொல்ல வேண்டாம். எல்லா லீவும் ரத்து. பெரிய வேலை ஒன்று வரப்போகிறது. இதோடு போரே முடிந்துவிடும் என்கிறார்கள், நானும் நம்புகிறேன். ரஷ்யப் பக்கத்திலிருந்து படைகள் எல்லாம் இங்கே வந்துவிட்டன. இந்த நேரத்தில் மனசு உடைந்த ஒருவன், தனக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்பவனுக்கும் ஆபத்து. வீட்டிலிருந்து வரும் அழுகைக் கடிதங்களைப் பற்றி லெப்டினன்ட் தினமும் திட்டுகிறார். சேதி தெரிந்தால் எவால்ட் குனிய வேண்டிய இடத்தில் குனிய மாட்டான், செல்மா. அவனை எனக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் நானே சொல்கிறேன். அதுவரை குழந்தை நன்றாக இருக்கிறாள் என்றே எழுது. அவனை உயிரோடு உன்னிடம் சேர்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள். சாப்பிடு.
ஆர்னோ

*

கெம்னிட்ஸ், 9 மார்ச் 1918

அன்பு அண்ணா,

இருவரும் சுகமாக இருப்பதாக எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியைப் பலமுறை படித்தேன்.

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். “டோர்லி இப்போது படிக்கட்டில் தனியாக இறங்குகிறாள், உங்கள் செருப்புத் தைக்கும் ஊசியைத் தேடி எடுத்து ஒளித்து வைக்கிறாள்” என்று எழுதினேன். முதல் வரி எழுதத்தான் கஷ்டமாக இருந்தது. பிறகு தானாக வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அவரிடமிருந்தும் கடிதம் வந்திருக்கிறது. எங்கேயோ ஒரு துண்டு நல்ல தோல் கிடைத்ததாம். குழந்தையின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பு, ஓய்வு நேரத்தில் ஒரு ஜோடி தைத்து வைக்கிறேன் என்கிறார். ஹெர்மீனாவின் மகளுக்கும் அதே வயதுதான். அவளை மேஜைமேல் நிறுத்திப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தேன். கூச்சத்தில் அது சிரித்தது. ஹெர்மீனா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சீக்கிரம் சொல்லிவிடு அண்ணா. இந்த மாதிரிக் கடிதம் இன்னும் எத்தனை எழுத முடியும் என்று தெரியவில்லை. மில்லில் இப்போது பருத்தி நூலே இல்லை, காகித நூலில் மணல் மூட்டை நெய்கிறோம். விரலெல்லாம் வெட்டு. மற்றபடி நலம்.

செல்மா

*

கெம்னிட்ஸ், 1 ஏப்ரல் 1918

அன்பு அண்ணா,

நீ எழுதிப் பல நாளாயிற்று. அவரும் எழுதவில்லை. இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

இங்கே கோயில் மணி அடித்து ஓய்ந்தது. பள்ளிக்கூடங்களுக்கு வெற்றி விடுமுறை விட்டார்கள். ஒரே வாரத்தில் நாற்பது மைல் போய்விட்டதாகப் பத்திரிகை சொல்கிறது. கடைக்காரன் கொடி கட்டியிருக்கிறான். கடைக்குள்தான் ஒன்றும் இல்லை. ரொட்டி வரிசையில் ஒரு கிழவர், “மே மாசம் எல்லாரும் வீட்டுக்கு வந்துருவாங்க, பாருங்க” என்றார். வரிசை ஓர் அடி நகர்ந்தது.

நான் அவருக்கு இன்னும் இரண்டு கடிதம் போட்டேன், அதே மாதிரிதான். பெரிய வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிகிறது. ஒரு வரி போதும் அண்ணா.

செல்மா

*

களமுனை, 8 ஏப்ரல் 1918

அன்புத் தங்கை செல்மா,

மனசைத் திடப்படுத்திக்கொண்டு படி. எவால்ட் மார்ச் 28 அன்று மாலை நம்மை விட்டுப் போய்விட்டான். ஒரு ஆற்றங்கரையில், முன்னேறிப் போகும்போது. நெற்றியில் ஒரே குண்டு. வலி தெரிந்திருக்காது. குழந்தை விஷயம் தெரியாமலே போனான்.

அன்று பகலில் ஒரு ஊரைப் பிடித்தோம். ஆங்கிலேயர்கள் அவசரத்தில் விட்டுப்போன சரக்குக் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே கிடைத்த பால் டின்களை உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று எடுத்து வைத்தான். அவன் சொன்னபடி அதை நான் தபாலில் போட்டிருக்கிறேன். ஆறு டின்.

நீ அனுப்பிய பாத வரைபடத்தைக் கம்பெனி முழுக்கக் காட்டினான். சட்டைப் பையில் வைத்திருந்தான். அதோடுதான் புதைத்தோம். நானே குழி வெட்டினேன். பலகையில் பெயர் எழுதி நட்டிருக்கிறேன்.

குழந்தை விஷயம் தெரியாமலே போனான், செல்மா. அந்த மட்டும் நிம்மதி.

ஆறுதல் சொல்லத் தகுதியில்லாத அண்ணன்,
ஆர்னோ

*

கெம்னிட்ஸ், 2 மே 1918

அண்ணா,

நீ உயிரோடு இருக்கிறாய் என்றே நினைத்து எழுதுகிறேன்.

பார்சல் வந்தது. ஆறு டின் கெட்டிப்பால். ஒவ்வொன்றிலும் ஒரு மாட்டுப் படம். மேஜைமேல் வரிசையாக வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். எழுந்தபோது வேலைக்கு நேரமாகியிருந்தது. டின்களை ஹெர்மீனாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் மகள் இரண்டு நாள் விரலை நக்கிக்கொண்டே திரிந்தாள்.

லெப்டினன்டின் கடிதமும் வந்தது. நெற்றியில் ஒரே குண்டு, வலி இல்லை. ஹெர்மீனாவின் புருஷன் செத்தபோதும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். மூன்றாம் மாடிக்காரியின் மகனைப் பற்றியும் அப்படித்தான். இந்தப் போரில் எல்லோருக்கும் நெற்றியில்தான் படுகிறதா?

உன் கடிதத்தில் ஒன்று உறுத்துகிறது. குழந்தை விஷயம் தெரியாமலே போனார் என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். நான் கேட்கவே இல்லையே. நான் இனிமேல்தான் கேட்க இருந்தேன்.

அந்தக் கடைசி நாளை எனக்குக் கொஞ்சம் விரிவாக எழுது. என்ன பேசினார், என்ன சாப்பிட்டார், எதுவானாலும் சரி.

செல்மா

*

களமுனை, 11 ஜூலை 1918

அன்புள்ள செல்மா,

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள். புதுக் காய்ச்சல் ஒன்று பரவுகிறது. எனக்கும் வந்து போயிற்று. கம்பெனியில் பாதிப் பேர் படுக்கையில். நீ எப்படி இருக்கிறாய்? இருமல் இருந்தால் வெந்நீர் குடி.

எனக்கு இரும்புச் சிலுவைப் பதக்கம் கொடுத்தார்கள். மார்ச் 28 அன்று, நின்றுபோன ஆட்களை மறுபடி நகர்த்தியதற்காக.

நாங்கள் போன தூரம் போய்விட்டு அதே இடத்தில் நிற்கிறோம். வேறு விசேஷம் இல்லை. கிளெமன்ஸ் ஞாபகம் இருக்கிறதா? எவால்டுக்குச் சிநேகிதன், ரொட்டி சுடுகிறவன். அவனுக்கு ஒரு கை போயிற்று. கெம்னிட்ஸ் பக்கம் அனுப்பியிருப்பதாகக் கேள்வி. மருந்து மயக்கத்தில் ஏதேதோ பேசுகிறானாம்.

ஆர்னோ

*

கெம்னிட்ஸ், 27 ஆகஸ்ட் 1918

ஆர்னோ,

கிளெமன்ஸைப் பார்த்தேன். மயக்கத்தில் இல்லை. பள்ளிக்கூடத்தை மருத்துவமனையாக்கி இருக்கிறார்கள். அங்கே ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் உருளைக்கிழங்கு உரிக்கப் பழகிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

“எல்லாத்தையும் சொல்லிடு தம்பி, நான் அழமாட்டேன்,” என்றேன். சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தப்பு இருந்தால் நீ திருத்து.

“ஏழு நாளா நடந்தோம்க்கா. வயித்துல ஒண்ணுமில்ல. ஊருக்குள்ள நுழைஞ்சா இங்கிலீஷ்காரன் கொட்டகை. கதவைத் தொறந்ததும் அப்படியே நின்னுட்டோம். வெள்ளை ரொட்டி. டின் டின்னா மாட்டுக்கறி. ஜாம். சோப்பு. நம்ம நீர்மூழ்கிக் கப்பலால அவனுங்க பட்டினியில சாகறானுங்கன்னுதானே சொல்லியிருந்தாங்க? ஒருத்தன் ஜாம் டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு அழுதான். அப்புறம் யாரும் யார் பேச்சையும் கேக்கல.

“லெப்டினன்ட் தொண்டை கிழியக் கத்தினாரு. ஆத்துப் பாலத்தை இருட்டறதுக்குள்ள பிடிக்கணும்னாரு. உங்க அண்ணன்தான் ஒவ்வொருத்தனாப் பிடிச்சு வெளியே தள்ளினாரு. எவால்ட் மூலையில உக்காந்து பால் டின்னைக் கோணிப்பையில கட்டிக்கிட்டிருந்தான். ‘ஒரு நிமிஷம் மச்சான். குழந்தைக்கு. தபால் வண்டியில போட்டுட்டு ஓடி வந்துடறேன்’னான். ‘வா மாப்பிள்ளே, அப்புறம் பாத்துக்கலாம்’னாரு உங்க அண்ணன். ரெண்டு தடவை சொன்னாரு. லெப்டினன்ட் கைத்துப்பாக்கியை எடுத்துட்டாரு. அப்பத்தான்...”

“அப்பத்தான் என்ன?”

“‘யாருக்குடா பால்? உன் புள்ள செத்து ஆறு வாரமாச்சு’ன்னாரு.”

“அவர் என்ன சொன்னார்?”

“‘செல்மா போன வாரம்கூட எழுதினாளே’ன்னான். அவ்வளவுதான்க்கா. எந்திரிச்சு வந்துட்டான். ஆத்தங்கரையில மெஷின்கன் ஆரம்பிச்சதும் எல்லாரும் படுத்துட்டோம். அவன் மட்டும் படுக்கல. உங்க அண்ணன் ‘படுடா, படுடா’ன்னு கத்தினாரு. நடந்துக்கிட்டே இருந்தான்.”

திருத்த ஏதாவது இருக்கிறதா, ஆர்னோ?

செல்மா

*

களமுனை, 14 அக்டோபர் 1918

செல்மா,

லீவில் போகும் ஒருவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அதிகாரி கண்ணில் படாது. நீ நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. கேட்கிறேன்.

கிளெமன்ஸ் சொன்னதில் திருத்த ஒன்றுமில்லை. லெப்டினன்ட் சுட்டுவிடுவாரோ என்று பயந்து சொன்னேன் என்று எழுதலாம். பயம் இருந்தது உண்மை. ஆனால் அது மட்டும் இல்லை. எனக்கும் பசி. எனக்கும் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும் போல இருந்தது. அவன் அந்த டின்களைக் குழந்தையைத் துடைப்பது மாதிரித் துடைத்துத் துடைத்து வைத்தான். என்னால் பார்க்க முடியவில்லை. வாய் திறந்தது, வந்துவிட்டது.

குனிய வேண்டிய இடத்தில் குனிய மாட்டான் என்று உனக்கு நான்தான் எழுதினேன். அது தெரிந்தே சொன்னேன்.

பாலத்தை அன்று பிடிக்கவில்லை. மறுநாளும் பிடிக்கவில்லை. ஆகஸ்ட் எட்டாம் தேதி மூடுபனியில் அவர்கள் டாங்குகளோடு வந்தார்கள். அன்றிலிருந்து பின்வாங்கிக்கொண்டே இருக்கிறோம். நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகக் கையைத் தூக்கினார்கள். இப்போது அதிகாரிகள் வீட்டுக் கடிதங்களையும், வேலை நிறுத்தம் செய்தவர்களையும் குறை சொல்கிறார்கள். பொய். இந்தப் போரில் நாம் எப்போது தோற்றோம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கொட்டகைக் கதவு திறந்தபோது தோற்றோம். எதிரி ஒரு நாளில் தின்பது நம்மிடம் ஒரு மாதத்துக்குக்கூட இல்லை. அதைக் கண்ணால் பார்த்த பிறகு எவனும் எதையும் நம்பவில்லை. எந்தப் பெண்ணும் கடிதம் எழுதி எங்களைத் தோற்கடிக்கவில்லை. நீ எழுதாமல்தான் இருந்தாய், நான் சொன்னதற்காக.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை.

ஆர்னோ

*

கெம்னிட்ஸ், 15 டிசம்பர் 1918

ஆர்னோ,

போர் முடிந்து ஒரு மாதமாயிற்று. நீ டிரெஸ்டனில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். உடம்பு எப்படி?

உன் அக்டோபர் கடிதத்துக்கு இரண்டு மாதம் பதில் யோசித்தேன். உன்னை மன்னித்தேன் என்று எழுத முடியவில்லை. ஆனால் நீ உண்மையை எழுதினாய். அவருக்கும் டோர்லிக்கும் சொந்தம் என்று இந்த உலகத்தில் இனி நாம் இரண்டு பேர்தான். இங்கே ஒரு அறை சும்மா இருக்கிறது. அடுப்புக்குக் கரி இல்லை, கிழங்கு இருக்கிறது. வா. பேச வேண்டாம், சும்மா வந்து இரு.

செல்மா

*

டிரெஸ்டன், 2 நவம்பர் 1919

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுத முடியாத நிலையில் இருந்தேன். வேலையில்லை, குடி, வேறென்ன. இப்போது பரவாயில்லை. முன்னாள் படைவீரர் சங்கத்தில் என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். கௌரவமான வேலை.

இந்த மாதம் இறந்தோர் ஞாயிறன்று நம் கெம்னிட்ஸ் கோயிலில் நம் கம்பெனியில் இறந்தவர்களின் பெயர் பொறித்த கல்லைத் திறக்கிறார்கள். பேச என்னை அழைத்திருக்கிறார்கள். எவால்ட் பெயரும் கல்லில் இருக்கிறது. கறுப்பு உடையில் நீ முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று பாதிரியார் விரும்புகிறார்.

நான் பேசப்போவது உனக்கு எல்லாம் பிடிக்காது. நாடு இப்போது இருக்கும் நிலையில் சில விஷயங்களை ஒரு விதமாகத்தான் சொல்ல முடியும். எதன் மேலாவது பழியைப் போடாமல் ஒரு மனிதன் காலையில் எழுந்து சவரம் செய்துகொள்ள முடியாது, செல்மா. அதை நீயாவது புரிந்துகொள்.

ஆர்னோ

*

கெம்னிட்ஸ், 26 நவம்பர் 1919

ஆர்னோ,

ஞாயிற்றுக்கிழமை நீ மேடையிலிருந்து பார்த்தாய். நான் கீழேயிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

முன்வரிசையில் நான் உட்காரவில்லை. தூணுக்குப் பக்கத்தில் ஹெர்மீனாவோடு நின்றேன். பதக்கத்தைக் குத்தியிருந்தாய். நன்றாகச் சவரம் செய்திருந்தாய். “களத்தில் நாம் தோற்கவில்லை. வெற்றி கைக்கெட்டும் நேரத்தில் வீட்டிலிருந்து வந்த பெண்களின் அழுகைக் கடிதங்கள் வீரனின் கையைத் தளரவைத்தன,” என்று படித்தாய். குரல் நடுங்கவில்லை. சுற்றி இருந்த பெண்கள் தலையைக் குனிந்தார்கள். குழந்தைக்குப் பால் இல்லை என்று ஒரு தடவையாவது எழுதியவர்கள் எல்லோரும். ஹெர்மீனாவும் குனிந்தாள். அவள் தன் அலமாரிக் கதவைக் கொடுத்தவள்.

பிறகு பெயர்களைப் படித்தாய். எவால்ட் ரோதர் என்றபோது நான் நடுவழிக்கு வந்து நின்றேன்.

“ஆர்னோ, நான் அவருக்கு என்ன எழுதினேன்னு இவங்ககிட்ட சொல்லு,” என்றேன்.

நீ என்னை நேராகப் பார்த்தாய். என்னைத் தெரியாதவன் போலப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. தெரிந்துதான் பார்த்தாய்.

“என் கடிதத்துல அழுகை எங்க இருந்துச்சு? உனக்குத் தெரியும். சொல்லு.”

நீ காகிதத்தைப் பார்த்தாய். “ஓட்டோ ஷால்லர்,” என்றாய். அடுத்த பெயர். இரண்டு பேர் என் கையைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோனார்கள். வாசலைத் தாண்டும்வரை நீ பெயர்களைப் படிப்பது கேட்டது.

மறுநாள் பத்திரிகையில், ஒரு போர் விதவை துயர மிகுதியால் சற்றே நிதானமிழந்தார், விழா கம்பீரமாகத் தொடர்ந்தது என்று வந்தது. உனக்கும் அனுப்பியிருப்பார்கள்.

உன் அக்டோபர் கடிதத்தை எடுத்துக்கொண்டு தொழிலாளர் பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். ஆசிரியர் இரண்டு தடவை படித்தார். “நாளைக்கே போட்டுடலாம்மா. ஆள் எழுந்திருக்க மாட்டான்,” என்றார். நான் திருப்பிக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன். உன்மேல் இரக்கப்பட்டு அல்ல. அதை அச்சில் போட்டால் ஊர் உன்னைப் பார்க்காது, அவரைப் பார்க்கும். பால் டின்னுக்காகப் படையை நிறுத்தினவன் என்று சாராயக் கடையில் பேசும். அவரை அந்தக் கொட்டகையிலிருந்து இன்னொரு தடவை யாரும் வெளியே இழுக்க வேண்டாம்.

அதனால் உன் பேச்சுக்கு ஆபத்தில்லை. தைரியமாக ஊர் ஊராகப் போய்ப் படி. நான் மறுபடியும் வாயை மூடிக்கொள்கிறேன், இந்தத் தடவை நீ கேட்டுக்கொண்டதற்காக அல்ல.

இது என் கடைசிக் கடிதம். பெண்கள் எழுதிய கடிதங்கள் என்று மேடையில் சொல்லும்போது இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்.

செல்மா ரோதர்